ஒரே மாத்திரை, வேறு வேறு உடம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே மருந்து ஆளுக்கு ஆள் ஏன் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று ஆராய்வதுதான் என் துறை. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாதான் என்னை இதற்குள் இழுத்து வந்தவர். அப்போது நான் பயிற்சி மருத்துவர். காசநோய்க்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவர், இரண்டாவது மாதம் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். "மாத்திரை துன்றதுலேர்ந்து காலு எரியுது டாக்டரு. ராத்திரில ஐஸ் தண்ணில காலை வச்சிக்கினு குந்தினு இருக்கேன்." நாள் முழுக்க நிற்கிற வலி என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வீட்டுக்காரரும் அதே மாத்திரைதான் சாப்பிட்டார். அவருக்கு ஒன்றுமே இல்லை. அது ஏன் என்பது என்னை விடவே இல்லை.

விடை நம்ம சேத்துப்பட்டிலேயே இருந்தது. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் மருத்துவர்கள் 1960-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ஐசோநியாசிட் மருந்தைக் கல்லீரலில் ஒரு நொதி (என்சைம்) மாற்றி வெளியேற்றுகிறது. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என வரும் மரபணு இரண்டுமே மந்தமாக அமைந்தால், மருந்து ரத்தத்தில் நெடுநேரம் தங்கும். பி6 வைட்டமின் குறையும், நரம்பு எரியும். இந்தியர்களில் பாதிக்கு மேல் மந்த வகைதான். அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது பைரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், என்ற சின்ன மாத்திரை. சிகிச்சையை நிறுத்த வேண்டியதே இல்லை, நிறுத்தவும் கூடாது.

அப்புறம் எம்.டி., மருந்தியல், ஆய்வு என்று வருடங்கள் ஓடின. காலையில் புறநோயாளிகள், மதியம் ஊதா மூடிக் குழாய்களில் வந்த ரத்தம். இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. குழாயில் ஒட்டிய எண்ணுக்குப் பின்னால் எரிகிற ஒரு கால் இருக்கிறது.

இன்னொன்று. ஜார்ஜ் டவுனில் தலைமுறைகளாக வாழும் ஆரிய வைசியக் குடும்பங்களில் சிலருக்கு, ஸ்கோலின் என்ற மருந்தை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தப் போடும் ஊசி அது. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும்; இவர்களுக்கு மணிக்கணக்காகும். அதுவரை தானாக மூச்சுவிட முடியாது, கருவிதான் மூச்சுக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்துக்கு மாறிக்கொள்வார்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டிக்கோ சித்தப்பாவுக்கோ ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனதா? ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனதா? அந்த மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.