காட் ஆற்றிலிருந்து வந்த வாயாடி

வணக்கம் நேயர்களே. நாடகத்தில் வேலைக்காரர் வேடம் வந்ததும், என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே அவர் பேசும் விதத்துக்குக் கூட்டம் சிரித்துவிடும், இல்லையா? அப்படி ஒரு சிரிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இடம் தென்னாப்பிரிக்காவின் கிரகாம்ஸ்டவுன், ஆண்டு 1838.

அந்த ஊர் அமெச்சூர் நடிகர்கள் சின்னதாக ஒரு கேலி நாடகம் போட்டார்கள். கோய்கோய் என்ற தென்னாப்பிரிக்கப் பூர்வகுடி இனப் பெண் ஒருத்தி மோர்சிங் வாசித்துக்கொண்டே வருகிறாள். 'என் பேர் காட்யே கெக்கல்பெக், ஊர் காட் ஆறு; அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஒயினும் பீரும்தான் அரிது' என்று பாடுகிறாள். கெக்கல்பெக் என்றால் வாயாடி. பாட்டில் ஆங்கிலமும், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் பேசிய கேப் டச்சும் மாறி மாறி வரும். அந்தக் கேப் டச்சுதான் பின்னாளில் ஆஃப்ரிகான்ஸ் என்ற மொழி ஆனது. அது மேடையேறியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

எழுதியவர் ஆண்ட்ரூ கெடிஸ் பெய்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இவரைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது! தொழில் குதிரைச் சேணம் தைப்பது. லயெல் எழுதிய நிலவியல் நூலைப் படித்தார், அவ்வளவுதான், சுத்தியலோடு பாறை பாறையாக அலைய ஆரம்பித்துவிட்டார். போஃபோர்ட் கோட்டைப் பக்கம் இரண்டே கோரைப்பல்லோடு, அழிந்துபோன ஒரு விலங்கின் புதைபடிவ மண்டையோடு கிடைத்தது. லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற விஞ்ஞானி அந்த விலங்கினத்துக்கு 1845இல் டைசினோடான் என்று பெயர் வைத்தார். அப்புறம் மலைச்சாலை போட்டார். 1853இல் திறந்த பெய்ன்ஸ் கிளூஃப் கணவாயில் இன்றும் வண்டி போகிறது.

சரி, நாடகத்துக்கு வருவோம். கேலி காட்யேயோடு நிற்கவில்லை, ஜான் ஃபிலிப் என்ற பாதிரியாரையும் குறிவைத்தது. கோய்கோய் மக்களுக்குச் சட்டத்தில் வெள்ளையரோடு சம உரிமை தந்த 1828ஆம் ஆண்டின் 50ஆம் ஆணைக்கு அழுத்தம் கொடுத்தவர் அவர். 1836இல் ஒரு கோய்கோய் சாட்சியையும் கோசா என்ற இன்னொரு ஆப்பிரிக்க இனத்தின் தலைவர் ஒருவரையும் லண்டனுக்கே கூட்டிப்போய்ப் பாராளுமன்றக் குழுவின் முன் பேசவைத்தார். அங்கே குடியேறிய வெள்ளையருக்கு வயிற்றெரிச்சல். அதனால்தான் காட்யே ஃபிலிப் பள்ளியில் எழுத்துக் கற்றவள், கற்றும் குடிகாரி, திருடி! எத்தனை நயமாக எழுதியிருந்தாலும் இது வஞ்சம் பிடித்த நகைச்சுவை என்றே சொல்வேன்.

ஆனால் பாருங்கள், கேலி செய்யவாவது அவள் பேச்சை எழுதிவைக்க வேண்டியிருந்தது. கோய்கோய் மக்களும் அடிமைகளும் சமையலறையிலும் ஆட்டுப்பட்டியிலும் பேசிப் பேசி உருவான மொழி அது. 1875இல் பார்ல் ஊரில் வெள்ளையர் சங்கம் வைத்து 'எங்கள் மொழி' என்றார்கள். 1925இல் ஆட்சிமொழியும் ஆயிற்று. காட்யே வாயில் இருந்தவரை அது சிரிப்புக்குரியது. திரும்பவும் சொல்கிறேன், அவள் வாயில் இருந்தவரை.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. கேப் முஸ்லிம்கள் இதே மொழியை அரபு எழுத்தில் எழுதியதைச் சொல்ல நினைத்தேன். அப்படி எழுதிய அபூபக்கர் எஃபெந்தி என்ற இஸ்லாமிய அறிஞரின் நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது. காட்யேவுக்கும் முந்தியது 1832இல் போனிஃபாஸ் எழுதிய நாடகம், மதுவிலக்குச் சங்கங்களைக் கிண்டல் செய்தது. அதிலும் அடி ஃபிலிப்புக்குத்தான். பாத்திரத்தின் பெயரே ஹம்பக் ஃபிலிபம்ப்கின்; ஹம்பக் என்றால் பித்தலாட்டம். வணக்கம்.