பிடுங்கினது திரும்ப வந்துருச்சே, வீண் வேலையா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாளா விடல. சுசீந்திரம் பக்கத்துல இருந்து ஒரு கல்லூரித் தம்பி கேக்குறார்: "சார், பழையாத்துல நாலு ஞாயித்துக்கிழமை இறங்கி ஆகாயத்தாமரை பிடுங்கினோம். மூணே மாசத்துல பழையபடி மூடிருச்சு. ஊர்ல சிரிக்கிறாங்க. வீண் வேலையா? பேசாம களைக்கொல்லி மருந்து அடிச்சிரலாமா?"

வீண் இல்ல தம்பி. ஆனா ஒரு கணக்கு பாருங்க. தோதான வெயிலும் சாக்கடைத் தண்ணியும் கெடச்சா இந்தச் செடி ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்காயிரும். கரையில நிக்குற கைதைப் புதர் மூட்டுல ஒதுங்கின ஒரே ஒரு கூடைச் செடிய "சரி, போகட்டும்"னு விட்டுட்டு வந்திருந்தீங்கன்னா, மூணு மாசத்துல அது 64 கூடை. போதாததுக்கு விதை சேத்துக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும். அதனால நாலு வாரம் வேலை செஞ்சுட்டு மூணு மாசம் லீவு விட்டா ஆகாது. மொத வாரம் முப்பது பேர் போங்க. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு பேர் போனா போதும், தப்பினது மட்டும் எடுக்கணும். ஜூன்ல அணை திறந்து கன்னிப்பூ நெல்லுக்குத் தண்ணி வர்றதுக்கு முன்னால பெரிய வேலைய முடிச்சிரணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை, இடைவெளி கொஞ்சம்தான்.

மருந்து வேண்டவே வேண்டாம். போன வீடியோவுலயும் சொன்னேன், திரும்பவும் சொல்றேன்: அந்தச் செடி தின்ன சாப்பாடு செடிக்குள்ளதான் இருக்கு. மருந்தடிச்சா செத்து, அதே தண்ணியில மூழ்கி அழுகும். மீனுக்கு மூச்சு முட்டும். அழுகினது அடுத்த செடிக்கு உரம். வாரி மேல போட்டாத்தான் அந்தச் சாப்பாடு ஆத்தை விட்டு வெளிய வரும்.

மேலன்னா எவ்வளவு மேல? மொத வருஷம் நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? கரை ஓரத்துலயே குவிச்சு வச்சு, முன்னால நின்னு போட்டோவும் எடுத்துக்கிட்டோம். ராத்திரி நல்ல மழை. காலையில போய்ப் பாத்தா குவியல் இல்ல, எல்லாம் ஆத்துக்குள்ள! வெள்ளம் ஏறாத இடத்துக்குக் கொண்டுபோய், வேர் மேல பாக்குற மாதிரி கவுத்துக் காயப்போடுங்க. முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், சுருங்கிரும். காஞ்சத தென்னை மூட்டுல போடலாம். சாக்கடை கலக்குற இடத்துச் செடிய மாட்டுக்குப் போடாதீங்க, கண்டதையும் உறிஞ்சி வச்சிருக்கும். கையுறை, பூட்ஸ் இல்லாம இறங்காதீங்க. எலிக்காய்ச்சல் வெளையாட்டு இல்ல. நீர்வளத்துறை அலுவலகத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

சரி. எதைப் பிடுங்கணும்னு எல்லாரும் கேக்குறீங்க. எதைப் பிடுங்கக் கூடாதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேக்கல! மேல கைதைன்னு சொன்னேன்ல, அதான், தாழை. நம்ம மேற்குப் பக்கம் அன்னாசிய கைதச்சக்கைன்னு சொல்லுவாங்க, ரெண்டுக்கும் ஓலை ஒரே சாயல், ஓரமெல்லாம் முள்ளு. அந்த முள்ளுதான் அதுக்கு வினை. கையில குத்துச்சா, "இதுவும் களைதான்டா"ன்னு வெட்டுகத்திய எடுத்துருவோம். நானும் எடுத்திருக்கேன், மறைக்க என்ன இருக்கு. ஒரு கால்வாய்க் கரையில ஒரு நீளத்துக்கு கைதைய ஒண்ணு விடாம வெட்டி, "பாருங்க, எவ்வளவு சுத்தம்"னு நின்னோம். வயலுக்குப் போன ஒரு பாட்டா பாத்துட்டு, "மக்களே, நீங்க அழுக்கையா எடுத்திய? கரையோட காலையில்லா வெட்டிப்போட்டிய"ன்னார். அப்ப எங்களுக்குச் சிரிப்பு. ஐப்பசி மழைக்கு அந்தத் துண்டு மட்டும் இடிஞ்சு, பக்கத்து வயல்ல மண்ணு ஏறிருச்சு. கைதை நின்ன இடம் அப்படியே இருந்துச்சு. அந்தத் தாங்குவேர்களைக் குனிஞ்சு பாருங்க, கரையக் கட்டிப் பிடிச்சிருக்கும். ஒரு காலத்துல கைதோலைப் பாய் இல்லாத வீடு நம்ம ஊர்ல இருந்துச்சா?

இதே மாதிரிதான் கீழ மணக்குடியில. உப்புத்தண்ணி ஏறினா ஆகாயத்தாமரை தானே கருகிரும், அங்க உங்களுக்கு வேலை கம்மி. ஆறு கடல்ல சேர்ற பொழிமுகத்துச் சேத்துல நிக்குறது கண்டல். அலையாத்தின்னு சொல்றாங்களே, அதேதான். "என்னமோ புதர் மண்டிக் கெடக்கு"ன்னு அதுல கைவச்சிராதீங்க. குளத்துப் பக்கம் போனா தாமரை இருக்கும், அதைக் குத்தகைக்கு எடுத்து தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்புறவங்க இருக்காங்க. பேர்ல தாமரை இருக்குன்னு ரெண்டையும் சேத்து வாரிராதீங்க, அடி விழும்.

அதனால தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமை இறங்குறதுக்கு முன்னால கரையில நிக்குற கைதைக்கெல்லாம் ஒரு சிவப்புத் துணி கட்டுங்க, புதுசா வர்ற பிள்ளைங்க வெட்டாம இருக்கும். வேலை முடிஞ்சதும் போட்டோ அனுப்புங்க. தண்ணிய எடுக்க வேண்டாம், கரைய எடுத்து அனுப்புங்க.