மதில் இல்லாத கோட்டை: ஃபோர்ட் லாரமியில் ஒரு நாள்

வணக்கம் நண்பர்களே! அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஃபோர்ட் லாரமியில் நிற்கிறேன். டென்வரிலிருந்து காரில் சுமார் 3 மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நிழலும் அவ்வளவாகக் கிடையாது, தொப்பியை மறக்காதீர்கள்.

இறங்கியதும் என் மகன், "மதில் எங்கே அம்மா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். 1834இல் விலங்குத்தோல் வணிகர்கள் கட்டியபோது மரத்தாலான மதில் இருந்தது. 1849இல் ராணுவம் 4,000 டாலருக்கு இந்த இடத்தை வாங்கியது. பிறகு சுற்றுமதில் கட்டவில்லை. நடுவே அணிவகுப்புத் திடல், ஓரங்களில் வீடுகள், அவ்வளவுதான்.

இதோ, மாடியும் வராந்தாவும் வைத்த வெள்ளை மரவீடு. மணமாகாத அதிகாரிகள் தங்கியது. பெயர் 'ஓல்டு பெட்லம்'. வயோமிங்கில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. குதிரைப்படைக் குடியிருப்பின் மாடியையும் பாருங்கள். கட்டில்கள் நெருக்கி நெருக்கிக் கிடக்கின்றன. ஒருவன் குறட்டை விட்டால் கூடமே விழித்திருக்கும். என் கணவரை நான் அர்த்தத்தோடு பார்த்தேன், அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், இங்கே பீரங்கியைவிடக் கனமானது ஒரு காகிதம். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தம். பிளாக் ஹில்ஸ் மலைகள் அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்களுக்கே என்று அரசு எழுதிக்கொடுத்தது. அவர்களின் தலைவர் ரெட் கிளவுட் எளிதில் மசியவில்லை. தங்கம் தேடிப் போனவர்கள் லகோட்டா நிலத்தின் வழியே சென்ற போஸ்மன் பாதையில் இருந்த கோட்டைகளைப் படை காலி செய்த பிறகுதான், நவம்பரில் இங்கே வந்து கையெழுத்திட்டார். 1874இல் அந்த மலைகளில் தங்கம் இருப்பது தெரிந்தது. மூன்றே ஆண்டுகளில் சட்டம் போட்டுப் பறித்துக்கொண்டார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரவேண்டும் என்றது. வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல். லகோட்டா மக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. பணம் வேண்டாம், நிலம்தான் வேண்டும் என்கிறார்கள்.

இதை மகளுக்குச் சொன்னபோது, "கையெழுத்துப் போட்டுவிட்டு எப்படி மாற்றலாம்?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

கோடையில் வந்தால், சிப்பாய்களின் பழைய மதுக்கூடத்தில் சில்லென்று ரூட் பியர் என்ற மது இல்லாத குளிர்பானம் கிடைக்கும். பயப்படாதீர்கள், குழந்தைகளும் குடிக்கலாம். நாளை மவுண்ட் ரஷ்மோர் போகிறோம். நான்கு அதிபர்களின் முகங்களைச் செதுக்கியிருப்பது அதே பிளாக் ஹில்ஸில்தான்.