‘டைனமைட்’ வென்றது பாடலால்தான்: ஒரு பட்டிமன்ற உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, சற்று முன் பேசி அவையைத் தம் பக்கம் பாதி சாய்த்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தென்கொரியாவின் பி.டி.எஸ். குழு 2020 ஆகஸ்ட் 21 அன்று ‘டைனமைட்’ என்ற தனிப்பாடலை வெளியிட்டது. ஏழு இளைஞர்கள் பாடிய அந்தப் பாடல், அமெரிக்காவில் அந்தந்த வாரம் முன்னணியில் நிற்கும் நூறு பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100இன் செப்டம்பர் 5 தேதியிட்ட பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. அதற்கு முன் எந்தக் கொரியக் குழுவுக்கும் அந்த இடம் வாய்த்ததில்லை. அந்த வெற்றிக்குப் பெரிதும் காரணம் பாடலா, ‘ஆர்மி’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ரசிகர் படையா என்பதுதான் இன்றைய வழக்கு. பாடலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அடுக்கிய எண்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 3,00,000 பிரதிகள் விற்றன. அவற்றில் 2,65,000 இணையவழிப் பதிவிறக்கங்கள். 2017ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பாடலுக்குக் கிடைத்த விற்பனைக்குப் பிறகு எந்தப் பாடலும் ஒரே வாரத்தில் அவ்வளவு பதிவிறக்கங்களைக் கண்டதில்லை. யூடியூபில் வெளியான முதல் 24 மணி நேரத்தில் 10 கோடியே 11 லட்சம் பார்வைகள் குவிந்தன. மூல வடிவம், குரலில்லா வடிவம், மறுகலவைகள் என்று ஒரே பாடல் பல உருவங்களில் கடைக்கு வந்தபோது, சலிக்காமல் ஒவ்வொன்றையும் வாங்கியவர்கள் ரசிகர்கள்தான். இதையெல்லாம் மறுத்தால் நடுவர் என்னைப் பேசவே விடமாட்டார்.

ஆனால் இந்த எண்கள் யாவும் முதல் ஏழு நாள்களின் எண்கள். எதிரணியினர் ஒரு வாரத்துக் கணக்கைக் காட்டி ஒரு வழக்கு முழுவதையும் முடிக்கப் பார்க்கிறார்கள். முதலிடத்தில் நுழைந்து, மறுவாரமே தேடினாலும் கிடைக்காத இடத்துக்கு இறங்கிய பாடல்கள் அந்தப் பட்டியலில் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு பாடலைப் பற்றிப் பட்டிமன்றம் கூட்ட யாருக்கும் தோன்றாது. ‘டைனமைட்’ ஹாட் 100இல் மொத்தம் 32 வாரங்கள் இருந்தது. மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. எதிரணியினர் விளக்க வேண்டியது அந்த 32 வாரங்களைத்தான். அவர்களோ முதல் வாரத்தைவிட்டு நகரவே இல்லை.

இந்த வழக்கில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பொதுவாக ஒரு பாடல் பாடலால் ஓடியதா, ஆளால் ஓடியதா என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது, இங்கே இருக்கிறது. அதே ஏழு பேர், அதே ரசிகர்கள், அதே ஆண்டு, ஆனால் வேறு வேறு பாடல்கள். 2020 பிப்ரவரியில் இதே குழு ‘ஆன்’ என்ற பாடலை வெளியிட்டது. ரசிகர்கள் அப்போதும் உறங்கவில்லை. பாடல் நான்காம் இடத்தில் நுழைந்தது, மறுவாரம் 68ஆம் இடத்துக்குப் போனது. ஆறு மாதம் கழித்து ‘டைனமைட்’ வந்தது. அதற்கும் மூன்று மாதம் கழித்து, நவம்பரில், பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த ‘லைஃப் கோஸ் ஆன்’ வந்தது. அதுவும் முதலிடத்தில்தான் நுழைந்தது, ரசிகர்களின் பெருமைக்கு அதுவே போதும். அடுத்த வாரம் அது நின்ற இடம் 28. ரசிகர்களால் எது முடியும், எது முடியாது என்பதை இந்த மூன்று பாடல்களையும் வரிசையாக வைத்தாலே கண்டுகொள்ளலாம். படை மாறவில்லை, படையின் ஊக்கமும் மாறவில்லை, மாறியது பாடல் ஒன்றுதான்.

இது ஏன் என்று கேட்டால், அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஹாட் 100 மூன்று கணக்குகளைச் சேர்த்துப் போடுகிறது: எத்தனை பிரதிகள் விற்றன, இணையத்தில் எத்தனை முறை ஒலித்தது, வானொலியில் எத்தனை பேரை எட்டியது. முதல் இரண்டிலும் ரசிகர்கள் நேரடியாகக் கைவைக்கலாம். காசு கொடுத்து வாங்கலாம், இரவு முழுவதும் ஓடவிடலாம். மூன்றாவது அவர்கள் கையில் இல்லை. நிலையத்தில் எந்தப் பாடலை ஒலிபரப்புவது என்று முடிவெடுப்பவர், வண்டியோட்டிக்கொண்டே கேட்கும் முகம் தெரியாத ஒருவர் வேறு நிலையத்துக்குத் தாவிவிடுவாரோ என்ற ஒரே அச்சத்தில் வாழ்பவர். அவருக்கு ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மடல் எழுதினார்கள், தொலைபேசியில் கேட்டார்கள், மலர்கூட அனுப்பினார்கள் என்று எதிரணித் தலைவரே உருக்கமாகச் சொன்னார். அத்தனை வேண்டுகோளும் ‘ஆன்’ பாடலுக்கும் போயிருக்குமே? அதற்கு ஏன் கதவு திறக்கவில்லை?

‘டைனமைட்’ முதல் வாரத்தில் வானொலி வழியாக மட்டும் 1 கோடியே 16 லட்சம் செவிகளை எட்டியதாகப் பில்போர்டு கணக்கிட்டது. ‘லைஃப் கோஸ் ஆன்’ முதல் வாரத்தில் எட்டியது 4,10,000. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை எந்த ரசிகரின் பணப்பையாலும் நிரப்ப முடியாது. மேலும், பாப் வானொலிப் பட்டியலில் 30ஆம் இடத்தில் தொடங்கிய ‘டைனமைட்’, வாரம் வாரமாக மெல்ல ஏறி முதல் பத்துக்குள் வந்தது. ரசிகர்கள் உயர்த்தும் பாடல் முதல் நாளில் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கும். வானொலியில் இது நேர்மாறாக நடந்தது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். முழுப் பாடலும் ஆங்கிலத்தில் இருந்ததால்தான் வானொலி இறங்கிவந்தது என்பார். உண்மைதான், கொரிய மொழிப் பாடல்களுக்குக் கதவடைத்த அந்த நிலையங்களின் குறுகிய மனத்தை நான் தாங்கிப் பேசப் போவதில்லை. ஆனால் மொழி எதன் பகுதி? பாடலின் பகுதியா, ரசிகர்களின் பகுதியா? ஆங்கிலத்தால் கதவு திறந்தது என்று சொல்லும் நண்பர், தம்மை அறியாமலே என் அணிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். அதோடு, ஆங்கிலத்தில் இருப்பதாலேயே ஒரு பாடல் ஓடிவிடும் என்றால், ஆங்கிலத்தில் மட்டுமே பாடுகிற எத்தனையோ குழுக்கள் ஏன் ஒரு வாரம்கூட அந்தப் பட்டியலைப் பார்க்காமல் கலைந்துபோகின்றன என்பதையும் அவர் சொல்லட்டும்.

சரி, பாடலுக்குள் அப்படி என்ன இருக்கிறது? பெருந்தொற்றால் 2020இல் அவர்களுடைய உலகச் சுற்றுப்பயணம் ஒத்திவைக்கப்பட்டு, அரங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம் அது. எழுபதுகளின் டிஸ்கோ என்ற நடன இசையின் ஓசை மேலைநாட்டு வானொலியில் மறுபடி தலையெடுத்த காலமும் அதுவே; துவா லிபா, டோஜா கேட் போன்ற பாடகியர் அந்தப் பாதையை ஏற்கெனவே செப்பனிட்டிருந்தார்கள். ‘டைனமைட்’ சுற்றி வளைக்காமல், மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டையே முதல் வரியாகக் கொண்டு தொடங்குகிறது. முன்னிசை கேட்டுக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை. நிமிடத்துக்கு 114 துடிப்புகள் என்ற நடை, ஓடுகிறவனுக்கும் ஆடுகிறவனுக்கும் வீட்டில் சும்மா நிற்கிறவனுக்கும் ஒருசேரப் பொருந்தும் வேகம். அதன்மேல் கைதட்டல் ஒலி, ஊதுகருவிகளின் முழக்கம், இயல்பான சுருதிக்கு மேலே ஏறி ஒலிக்கும் மென்குரல். கேட்பவர் பழகிவிட்டார் என்று தோன்றும் தறுவாயில் கடைசிப் பல்லவி சுருதி உயர்ந்து வருகிறது. எல்லாம் மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். இக்குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த ராப் இதில் ஏறக்குறைய இல்லை. ராப் பாடகர்களும் பெரும்பாலும் மெட்டோடு பாடுகிறார்கள். அந்தத் துணிவு ரசிகர்களுக்காக எடுத்த துணிவாக எனக்குத் தோன்றவில்லை. இவர்களை அதுவரை கேட்டிராதவரை நோக்கி எடுத்த துணிவு.

இந்த இடத்தில் விமர்சகர்களின் குறை ஒன்றை எதிரணி எடுத்து வீசியது. இது குழுவினர் எழுதிய பாடல் இல்லை, டேவிட் ஸ்டூவர்ட், ஜெசிகா அகோம்பார் என்ற பிரிட்டிஷ் பாடலாசிரியர் இருவர் எழுதிக் கொடுத்தது, இதில் பி.டி.எஸ். குழுவின் முத்திரை இல்லை. யார் பாடினாலும் இதே பாடல்தான் என்றார்கள். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், உறுப்பினர்களே எழுத்தில் பங்குகொண்ட கொரியப் பாடல்களையே நானும் மேலாக மதிப்பேன். ஆனால் நடுவர் முன் இருக்கும் வழக்கு, இது அவர்களுடைய மிகச் சிறந்த பாடலா என்பதன்று. அதோடு, யார் பாடினாலும் ஓடியிருக்கும் என்று எதிரணி சொல்லுமானால், ரசிகர் படைக்கு அங்கே என்ன வேலை மிச்சம் இருக்கிறது? ஒரே மூச்சில் பாடலைத் தனித்து நிற்கக்கூடியது என்றும், ரசிகர்கள் தாங்காவிட்டால் விழக்கூடியது என்றும் வாதிட முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள அவர்களுக்கு அவகாசம் தருகிறேன்.

2021இன் ‘பட்டர்’ பாடலை அவர்கள் இனிமேல்தான் எடுப்பார்கள். அது பத்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது, விற்பனையின் பலத்தில் இருந்தது, ஆகவே படையால் முடியும் என்பார்கள். ‘பட்டர்’ வழக்கு வரும் நாளில் நானே அவர்கள் அணியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

படையே இல்லாத ஒரு கொரியப் பாடலையும் நடுவர் நினைவில் கொள்ள வேண்டும். 2012இல் தென்கொரியப் பாடகர் சை பாடிய ‘கங்னம் ஸ்டைல்’ ஏழு வாரங்கள் இரண்டாம் இடத்தில் நின்றது, மொத்தம் 31 வாரங்கள் அந்தப் பட்டியலில் இருந்தது. அமெரிக்காவில் அவருக்கு அணிவகுத்து நிற்க எந்தப் படையும் இருக்கவில்லை. பாடலும் ஆட்டமும் மட்டும் இருந்தன. ‘டைனமைட்’ அதைவிட ஒரு வாரம் கூடுதலாக நின்றது. ஆயுளை வைத்துப் பார்த்தால் இந்தப் பாடலின் உறவு ‘கங்னம் ஸ்டைல்’ பக்கம் இருக்கிறது, அதே குழுவின் ‘ஆன்’ பக்கம் இல்லை.

அமெரிக்க இசைத்துறையின் பெரிய விருதான கிராமியையும் சொல்லிவிடுகிறேன். சிறந்த பாப் இணையர் அல்லது குழுவுக்கான பிரிவில் ‘டைனமைட்’ பரிந்துரை பெற்றது. கொரிய பாப் குழு ஒன்றுக்கு அது முதல் முறை. விருது லேடி காகாவுக்கும் அரியானா கிராண்டேக்கும் போனது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அங்கே வாக்களிப்பவர்கள் இசைத்துறையினர். ரசிகர்களுக்கு அங்கே ஒரு வாக்குகூடக் கிடையாது.

எதிரணித் தலைவர், “ஊர் கூடி இழுத்த தேர்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அச்சு முறிந்த தேரை ஊரென்ன, நாடே கூடினாலும் இழுக்க முடியாது. வடம் பிடித்தவர்கள் கையை எடுத்த பின்னும் உருண்டுகொண்டிருந்தால் அதற்குச் சக்கரத்தைத்தான் பாராட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரசிகர்களைப் போற்றும் எண்ணத்தில்தான் நண்பர்கள் அந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை நான் ஐயுறவில்லை. ஆனால் இளைஞர் குழு ஒன்று பெரிய வெற்றி பெறும்போதெல்லாம், அந்த இசையைக் காது கொடுத்துக் கேட்க மனமில்லாதவர்கள் சொல்லும் முதல் வாக்கியமும் இதுதான்: “எல்லாம் அந்தப் பெண் பிள்ளைகள் போடும் கூச்சல்.” பாடலுக்குரிய மதிப்பைப் பாடலுக்குக் கொடுக்க மறுப்பதற்கு ரசிகர்களே அவர்களுக்குச் சாக்காகிறார்கள். எதிரணியின் வாதம், வேறு நோக்கத்தோடு என்றாலும், அதே கதவு வழியாகத்தான் வெளியே போகிறது. 2020இன் இறுதி மாதங்களில் அமெரிக்க வானொலியில் அந்தப் பாடல் வந்ததும் ஒலியைக் கூட்டிவைத்தவர்களில் பலருக்கு அந்த ஏழு பேரில் ஒருவரின் பெயர்கூடத் தெரிந்திருக்கக் கட்டாயமில்லை. அவர்கள் எந்தப் படையிலும் சேராதவர்கள், எதையும் வாங்காதவர்கள், எந்த மடலும் எழுதாதவர்கள். அவர்களையும் கணக்கில் கொண்டு தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.