எதை எடுக்கறதுன்னு தெரியலையா? பழைய படங்களைத் தரையில பரப்புங்க

வணக்கம் மக்களே. கேமரா இருக்கு, லென்ஸ் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில எதை எடுக்கறதுன்னு மட்டும் தெரியல. பெங்களூரு கப்பன் பார்க்ல ரெண்டு அணில், சர்ச் ஸ்ட்ரீட்ல ஒரு சுவர் ஓவியம். வீட்டுக்கு வந்து பார்த்தா எதுவும் பிடிக்கல. இந்த நிலைமையில இருக்கறவங்களுக்குத்தான் இன்னிக்கு வீடியோ. புது லென்ஸ் வாங்கச் சொல்ல மாட்டேன். "உள்ளுக்குள்ள தேடுங்க"ன்னும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எது பிடிக்கும்ங்கறது நீங்க ஏற்கெனவே எடுத்த படங்கள்லயே பதிவாகி இருக்கு. அதை வாசிக்கறது எப்படின்னு மட்டும் பார்ப்போம்.

முதல்ல கம்ப்யூட்டர். லைட்ரூம் கிளாசிக் வெச்சிருந்தா லைப்ரரிக்குப் போய் ஃபில்டர் பார்ல மெட்டாடேட்டாவைத் திறங்க. அங்க வர்ற பத்திகள்ல ஒண்ணோட தலைப்பை ஃபோக்கல் லென்த்னு மாத்துங்க, லென்ஸ் எவ்வளவு அகலமா பார்க்குதுன்னு சொல்ற எம்எம் கணக்கு அது. எந்த ஃபோக்கல் லென்த்ல எத்தனை படம்னு அதுவே எண்ணிக் காட்டும். இங்க ஒரு பொறி இருக்கு. கேமராவோடயே வர்ற 18-55 கிட் லென்ஸ் வெச்சிருக்கற பெரும்பாலானவங்களுக்கு 18-லயும் 55-லயும்தான் படம் குவிஞ்சிருக்கும். அது உங்க ரசனை இல்லை, நின்ன இடத்துலயே நின்னு ஜூமைக் கடைசி வரைக்கும் திருப்பற பழக்கம். ரெண்டு ஓரத்தையும் விட்டுட்டு நடுவுல எங்க குவியுதுன்னு பாருங்க. 33, 35, 37 பக்கம் குவிஞ்சா, உங்க கண்ணு அந்த அகலத்துலதான் நிக்குது. ஃபுல் ஃப்ரேமை விடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவுல 35 எம்எம்ங்கறது ஃபுல் ஃப்ரேம் கணக்குல சுமார் 50.

அடுத்தது பிரின்ட். இதை யாரும் தாண்டிப் போகாதீங்க. போன மூணு நாலு வருஷத்துல எடுத்ததுல 150, 200 படம் பொறுக்குங்க. ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு செகண்டுக்கு மேல யோசிக்க வேண்டாம். எஸ்ஆர்ஜிபி கலர், 1800-க்கு 1200 பிக்சல், ஜேபெக். 4-க்கு 6 இன்ச் சைஸுக்கு அது 300 டிபிஐ, தாராளமா போதும். லேப்ல ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. ஒண்ணு, ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம். அது போட்டா மெஷின் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியா வெளுக்க வெச்சு, நீங்க இருட்டா எடுத்ததை எல்லாம் பளிச்சுனு ஆக்கிடும். உங்க வெளிச்ச ரசனையே அழிஞ்சு போயிடும். ரெண்டு, போன்ல எடுத்த படம் பெரும்பாலும் 4-க்கு 3 அளவு. அதை 4-க்கு 6-ல நிரப்பினா ஓரம் வெட்டுப்படும். வெள்ளை பார்டர் விட்டு முழுப் படமும் போடச் சொல்லுங்க.

பிரின்ட் வந்ததும் தரையில பரப்புங்க. நிறைய லைக் வாங்கின படங்களை மொதல்ல ஒரு கவர்ல போட்டுத் தள்ளி வைங்க. அது மத்தவங்களோட ரசனை. மிச்சத்தைக் கோயில், தெரு, பறவைன்னு பிரிக்காதீங்க. அப்படிப் பிரிச்சா நீங்க எங்கெல்லாம் போனீங்கன்னுதான் தெரியும். எவ்வளவு தூரத்துல நின்னு எடுத்தீங்க, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, ஆள் கேமராவைப் பார்க்கறாங்களா இல்லையா, ஃப்ரேம்ல காலியிடம் எவ்வளவு, இதையெல்லாம் வெச்சுக் குவியல் போடுங்க. சந்தேகமா இருந்தா படத்தைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க. முகம் மறைஞ்சு வடிவமும் வெளிச்சமும் மட்டும் கண்ணுல படும். ஒரு குவியல் மத்ததை விட வளரும். அதை அப்படியே ஒரு வாரம் விட்டுட்டு மறுபடியும் பாருங்க. அப்பவும் கலைக்கத் தோணலேன்னா, நூல் முனை கிடைச்சாச்சு.

இப்ப அதை ஒரே ஒரு வாக்கியமா எழுதணும். இடம், எதை, எந்த நேரம், எவ்வளவு தூரம், நாலும் இருக்கணும். "வாழ்க்கை", "உணர்வு", "பயணம்" இந்த மாதிரி வார்த்தை வந்தா அடிச்சிடுங்க. அதையெல்லாம் கேமராவால ஃபோக்கஸ் பண்ண முடியாது. உதாரணத்துக்கு உங்க குவியல்ல கைகள் நிறைய இருக்கு, பக்கத்துல நின்னு எடுத்திருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். அப்ப வாக்கியம் இது: சிட்டி மார்க்கெட்ல பூ தொடுக்கற கைகள், விடியறதுக்கு முன்னாடி, கை நீட்டினா தொடற தூரத்துல. அவ்வளவுதான். ஆறு வாரம், வாரத்துக்கு ரெண்டு காலை, ஒரே லென்ஸ்.

சிட்டி மார்க்கெட் போற எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுக்கறாங்க. மாடிக்கு ஏறி, கீழ பூக்குவியல், நடுவுல மனுஷத் தலைகள். அழகான படம்தான், ஆனா ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்தாச்சு. நம்ம வாக்கியத்துல கை நீட்டற தூரம்னு இருக்கு, அதனால மாடி கிடையாது.

வெளிச்சத்துக்கு வருவோம், நிறைய பேர் சறுக்கறது இங்கதான். இந்த ஊர்ல சூரியன் வருஷத்துல மாசத்தைப் பொறுத்து கிட்டத்தட்ட 5.50-லேர்ந்து 6.45-க்குள்ள உதிக்குது. அதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி அங்க இருங்க. அப்ப கடையில இருக்கற வெளிச்சம் எல்இடி பல்பு மட்டும்தான். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால மலிவான பல்பு செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் ஸ்பீடு 1/500-ல எடுத்தா படத்துல குறுக்கே இருட்டுப் பட்டை விழும். 1/100 இல்லேன்னா 1/50 வைங்க, மங்கற சுத்து முழுசா உள்ள வந்துடும், பட்டை வராது. சத்தம் கேக்கக் கூடாதுன்னு எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா பட்டை இன்னும் மோசமாகும், மெக்கானிக்கலே போதும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200-ல ஆரம்பிங்க.

1/100-ல வேகமா தொடுக்கற விரல் கலங்கிப் போகுமேன்னு கேப்பீங்க. போகும். ஆனா நாரை இழுத்து முடிச்சை இறுக்கற நேரத்துல கை ஒரு கணம் நிக்கும். ஒருத்தரை அஞ்சு நிமிஷம் சும்மா பார்த்தாலே அந்தத் தாளம் புரிஞ்சிடும். அங்க அழுத்துங்க. பட்டனை அழுத்திப் பிடிச்சு தொடர்ச்சியா எடுக்கற பர்ஸ்ட் மோடு வெச்சு நூறு படம் சுட வேண்டாம்.

கலர்ல ஒரு சிக்கல். செண்டுமல்லியும் சிவப்பு ரோஜாவும் சிவப்பு சேனலை சீக்கிரம் நிரப்பிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டற வெள்ளை ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். படத்துல இதழ் கோடே இல்லாம ஆரஞ்சுப் பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியா காட்டற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணிட்டு, எக்ஸ்போஷரை மூணுல ரெண்டு ஸ்டாப் குறைங்க. ரா ஃபைல்ல எடுங்க. ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விடாம 4000 கெல்வின்ல நிறுத்துங்க. இல்லேன்னா ஆறு வாரம் கழிச்சுப் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு நிறமா நிக்கும்.

ஆளுங்களைப் பத்தி ஒரு வார்த்தை. அங்க கடைக்காரங்கள்ல நிறைய பேருக்குத் தமிழ் தெரியும், ஓசூர் பக்கத்துலேர்ந்தும் பூ வருது. "அக்கா, கை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"ன்னு கேளுங்க. கன்னடம்னா "ஒந்து போட்டோ தெகீலா?" போதும். வேண்டாம்னா சிரிச்சிட்டு நகருங்க. மூட்டை தூக்கறவங்க போற வழியில மட்டும் நிக்காதீங்க, அவங்களால சட்டுனு நிக்க முடியாது. வரலட்சுமி விரதம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போகாதீங்க. யாருக்கும் உங்களோட பேச நேரம் இருக்காது. அடுத்த வாரம் போகும்போது பிரின்ட் எடுத்துட்டுப் போய்க் கொடுங்க, அப்புறம் அவங்களே கூப்பிடுவாங்க.

நடுவுல பார்த்துக் கத்துக்கணும்னா, இதே ஊர்ல வாழ்ந்த போட்டோகிராபர் டி.என்.ஏ. பெருமாளோட படங்களைத் தேடிப் பாருங்க, 1932-லேர்ந்து 2017 வரைக்கும் வாழ்ந்தவர். காட்டுயிரையே தன் துறையா வெச்சுக்கிட்டார். மைசூர்க்காரரான போட்டோகிராபர் டி.எஸ். சத்யன் சாதாரண மனுஷங்களோட அன்றாடத்தை விடல. இன்னொரு போட்டோகிராபர் ரகுபீர் சிங், கறுப்பு வெள்ளைதான் உசத்தின்னு இருந்த காலத்துலயே கலர்ல நின்னவர். கஸ்தூர்பா ரோடுல 2023-ல திறந்த மேப் (மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராஃபி) மியூசியத்துல போட்டோ கண்காட்சி நடந்தா விட்டுடாதீங்க. அங்க ஒரு படத்தைப் பார்க்கறதை விட, அது பக்கத்துல எந்தப் படத்தை வெச்சிருக்காங்கன்னு பாருங்க.

மூணாவது நாலாவது வாரம் சலிப்பு வரும். எல்லாருக்கும் வரும். உடனே இடத்தை மாத்தத் தோணும், மாத்தாதீங்க. வாக்கியத்துல இருக்கற நாலுல ஒண்ணை மட்டும் மாத்துங்க. விடியலுக்குப் பதிலா மதியம், கடை கழுவற நேரம். இல்லேன்னா தூரத்தை இன்னும் பாதியாக்குங்க. நாலையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. ஆறு வாரம் முடிஞ்சதும் அதே மாதிரி பிரின்ட் போட்டு 15 படமா சுருக்குங்க. தனியாப் பார்க்க நல்லா இருக்கு, ஆனா பக்கத்துப் படத்தோட ஒட்டலேன்னா எடுத்துடுங்க. வலிக்கும், பரவாயில்லை.

கல்யாண வேலை பார்க்கறவங்களும் கேளுங்க. போர்ட்ஃபோலியோவுல எதை வெக்கறீங்களோ அதைத்தான் அடுத்த கஸ்டமர் கேப்பாங்க. ட்ரோன் ஷாட்டை முதல் பக்கத்துல வெச்சா ட்ரோன் கேக்கற ஆள்தான் வருவாங்க. பொண்ணுக்கு அத்தை பூ வெக்கற விரல், தாலி முடியற கைன்னு பக்கத்துல எடுத்ததை முன்னாடி கொண்டு வாங்க. அட்வான்ஸ் வாங்கும்போதே, முகூர்த்தத்துக்கு முந்தி ஒரு மணி நேரம் பொண்ணு அலங்காரம் பண்ற ரூம்ல எடுக்கணும்னு பேசி எழுதி வாங்கிக்கோங்க. அன்னிக்குப் போய்க் கேட்டா, வீடியோக்காரர் ஏற்கெனவே லைட் ஸ்டாண்டை நட்டு இடத்தைப் பிடிச்சிருப்பார்.