எந்தத் தேதிக்குள், எந்த அளவில், யார் பொறுப்பில்?

அவைத் தலைவர் அவர்களே, சான்றோர்களே, என் சொற்களை உடனுக்குடன் சைகைமொழியில் பெயர்த்துக்கொண்டிருக்கும் தோழர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அந்த உரிமைகள் இருக்கின்றனவா என்ற கேள்வி, சட்டத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டில் எப்போதோ முடிந்துபோனது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா மறு ஆண்டு அக்டோபர் 1 அன்றே உறுதிசெய்தது. அதற்கு இசைவாக இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கண்டது. புதிய சட்டம் இருபத்தொன்றைக் காண்கிறது. அரசு வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு மூன்று விழுக்காட்டிலிருந்து நான்காயிற்று, உயர்கல்வியில் ஐந்தாயிற்று. இவற்றை இந்த அவை நன்கு அறியும் என்பதால் நான் அங்கே நிற்கப்போவதில்லை.

நான் பேச விரும்புவது, அன்றாடம் நம்மை வந்தடையும் அறிவிப்புகளை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி. ஓர் அலுவலகம் தடையற்றதாக்கப்படும் என்கிறார்கள், ஒரு செயலி அனைவருக்கும் ஏற்றதாகும் என்கிறார்கள், இலவசத் திறன் பயிற்சி தொடங்கவிருக்கிறது என்கிறார்கள். நாம் மகிழ்ந்து, பகிர்ந்து, மறந்துவிடுகிறோம். அப்படிப்பட்ட ஓர் அறிவிப்பு கைக்கு வந்தால் நான் அதில் தேடுவது எந்தத் தேதிக்குள், எந்த அளவில், யார் பொறுப்பில் என்பதை மட்டுமே. இம்மூன்றும் இல்லாத அறிவிப்பை நல்லெண்ணம் என்று வேண்டுமானால் சொல்லலாம். உரிமை என்று சொல்வதற்கில்லை.

முதலில் தேதியை எடுத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் இதில் கவனமாகவே இருந்தார்கள். பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர், அரசானாலும் தனியாரானாலும், விதிகள் வெளியான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தம் சேவையை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்று 46ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்கெனவே எழுந்து நிற்கும் பொதுக் கட்டடங்களுக்கு 45ஆம் பிரிவு தந்த காலம் ஐந்து ஆண்டுகள். விதிகள் 2017 ஜூன் 15 அன்று வெளியாயின. ஆக, முதற்கெடு 2019 ஜூனிலும் அடுத்தது 2022 ஜூனிலும் முடிந்தன. இன்று ஒரு பொதுக் கட்டடத்தின் வாசலில் சக்கர நாற்காலி நின்றுபோகிறது என்றால், அங்கே எதிர்காலத் திட்டம் எதுவும் காத்திருக்கவில்லை, கடந்துபோன ஒரு கெடு கிடக்கிறது. நம்மில் பலரே அலுவலர்களிடம் "எப்போது செய்வீர்கள்?" என்று கேட்டு நிற்கிறோம், "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அளவு என்ற இரண்டாவது செய்தியில்தான் சிக்கல் அதிகம். சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தை மீறக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளைக் கணக்கிடுங்கள்: ஏற வேண்டிய உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், எனவே சாய்தளத்தின் நீளம் ஐந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நாம் காணும் சாய்தளங்கள் பலவும் இதில் பாதிகூட இருப்பதில்லை. அவை சறுக்குமரங்கள். ஆனாலும் கோப்பில் "சாய்தளம் உண்டு" என்று பதிவாகிவிடும், பணி முடிந்ததாகக் கையொப்பமும் ஆகிவிடும்.

அளவு வெறும் பரிந்துரையா, கட்டாயமா என்ற இந்தக் கேள்வியை உச்சநீதிமன்றம் வரை கொண்டு சென்றது ராஜீவ் ரதூரி வழக்கு. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி, சாலைகளும் போக்குவரத்தும் பொது இடங்களும் அணுகத்தக்கவையாக வேண்டும் என்று கோரி 2005இல் மனுத் தாக்கல் செய்தார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்பதை ஆராயும் பணி பின்னர் ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2024 நவம்பர் 8 அன்று, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டு விதிகளில் பதினைந்தாவது விதி, பல துறைகளின் வழிகாட்டுதல்களைத் தொகுத்துச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிட்டது. அவ்வழிகாட்டுதல்களோ "செய்யலாம்", "விரும்பத்தக்கது" என்ற நடையில் எழுதப்பட்டவை. சட்டம் "செய்ய வேண்டும்" என்று ஆணையிடும்போது அதன் கீழ் எழும் விதி அதை விருப்பமாகக் கரைத்துவிட முடியாது என்று கூறி, அந்த விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. கைவிடவே முடியாத அடிப்படை அளவுகளைத் தனியே பிரித்து, மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மனுவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள்!

எண்ணிம (டிஜிட்டல்) உலகில் அளவு சற்றே முன்னதாக உறுதிப்பட்டது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்குமான ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தர அளவு, 2023 மே மாதத்தில் விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது. அது தாளில் இருந்தால் போதாது என்பதைக் காட்டியது அமில வீச்சுக்கு உள்ளான பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு. வங்கிக் கணக்குக்கும் தொலைபேசி இணைப்புக்கும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பின்போது கேமராவின் முன் கண்களை இமைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அமில வீச்சில் கண்களும் முகமும் சிதைந்தவர்களால் அது இயலாது; பார்வையற்றவர்களுக்கோ திரை எங்கே பார்க்கச் சொல்கிறது என்பதே தெரியாது. எண்ணிமச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழும் உரிமையின் ஒரு கூறு என்று கூறிய நீதிமன்றம் இருபது கட்டளைகளை வகுத்தது. இமைக்காமலே உயிருள்ளவர் என்று மெய்ப்பிக்க மாற்றுவழி வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி அறிவிப்பு ஒன்றைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்டு, அதை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். கோப்பாக வெளியிடுகிறார்கள். கண்ணால் காண்பவருக்கு அது எழுத்து; திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றவருக்கு உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது ஒரு படம் மட்டுமே. வேறு சில கோப்புகள் பழைய எழுத்துருக்களில் இருக்கும்; திரையில் "விண்ணப்பம்" என்று தோன்றினாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள் என்பதால், திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிக்கோவையை உரக்கப் படிக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்போர், 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. கருவியும் இருக்கிறது, குறியீடும் இருக்கிறது, ஆயினும் மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சி அறிவிப்பை மாற்றுத்திறனாளி தானே படிக்க முடியாத நிலை நீடிக்கிறது. தட்டச்சு செய்த மூலக்கோப்பை யூனிகோடில் அப்படியே வெளியிடுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயிற்சிக்கு வருவோம், ஏனென்றால் இந்த அவையில் இளைஞர்கள் பலர் அதற்காகவே வந்திருக்கிறீர்கள். பார்வையற்றவர் என்றால் நாற்காலி பின்னுதல், கால் இயலாதவர் என்றால் தையல், மற்றவர்க்கெல்லாம் மெழுகுவத்தி என்று யாரோ ஒருவர் என்றோ வகுத்த பட்டியல் இன்னும் உயிரோடிருக்கிறது. அத்தொழில்கள் எவ்விதத்திலும் தாழ்ந்தவையல்ல. விருப்பம் கேட்கப்படாமல் ஒதுக்கப்படுவதே தவறு. சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும், அதற்கு வேண்டிய துணையும் வசதியும் தர வேண்டும் என்பதையே அது முன்வைக்கிறது. தனிப் பயிற்சித் திட்டங்களை அது சொல்வது வளர்ச்சிசார் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை உடையவர்களுக்கு. அதுவும் சந்தையோடு நேரடித் தொடர்புள்ளவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எனவே ஒரு பொதுத் தொழிற்பயிற்சி நிலையம் "உங்களுக்கெனத் தனி மையம் இருக்கிறதே, அங்கே செல்லுங்கள்" என்று வழிகாட்டினால், அந்தக் கனிவான சொல் சட்டத்துக்கு எதிரானது.

சேர்ந்த பிறகு எழும் தேவைகளில் இரண்டைப் பிரித்தறிவது நல்லது. கட்டடத்தின் சாய்தளமும் பாடக்கோப்பின் வடிவமும் யாரும் கேட்பதற்கு முன்பே இருக்க வேண்டியவை. அவை அனைவருக்குமான அணுகல்தன்மை. ஒருவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம், மற்றொருவருக்குச் சொல்வதை எழுதுபவர், இன்னொருவருக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் என்பவை தனிமனிதத் தேவைக்கேற்ற நியாயமான வசதிகள். அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். முன்னதைச் செய்யாத நிறுவனம், "வந்தால் தூக்கிச் சென்று உட்காரவைக்கிறோம்" என்று பின்னதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும். அதை உதவி என்று எண்ணி நன்றி சொல்லிவிடாதீர்கள். பின்னதைக் கேட்பதற்கு, குறைபாடு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாதது என்ற சான்றிதழ் கட்டாயம் என்ற எண்ணமும் தவறு. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடுடைய விகாஷ் குமார் என்ற தேர்வர் தொடுத்த வழக்கில், அந்த வரம்பை எட்டாதவருக்கும் சொல்வதை எழுதுபவரைப் பெறும் உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாக்கியது.

என் உரையின் நடுப்புள்ளி இனித்தான் வருகிறது. பயிற்சி என்றவுடன் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி என்றே எல்லோரும் பொருள்கொள்கிறோம். ஒருவர் கணினியில் தேர்ச்சி பெற்றுச் சான்றிதழோடு வேலைக்குச் செல்கிறார். அங்குள்ள மென்பொருளின் பொத்தான்களுக்குப் பெயரே இடப்படவில்லை, விசைப்பலகையால் அதை இயக்கவும் முடியவில்லை. மூன்றாம் மாதம் "திறமை போதவில்லை" என்ற முடிவுக்கு மேலாளர் வருகிறார். திறமை போதாமல் போனது யாருக்கு? அந்த மென்பொருளை எழுதியவருக்கு அணுகல்தன்மை பற்றி அவருடைய கல்லூரி ஒரு மணி நேரமாவது கற்பித்திருக்குமா? சட்டத்தின் 47ஆம் பிரிவு இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஊராட்சி உறுப்பினர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், நிர்வாகிகள், காவல்துறையினர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் பயிற்சிகளில் மாற்றுத்திறனாளிகள் உரிமை கட்டாயமாக இடம்பெற வேண்டும் என்கிறது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், பொறியாளர், கட்டடக்கலைஞர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரின் படிப்புகளில் அது ஒரு பாடப்பகுதியாக வேண்டும் என்கிறது. அதிகம் பேசப்படாத பிரிவு இதுதான் என்பது என் கருத்து. நமக்கான ஆயிரம் பயிற்சி வகுப்புகள் சாதிக்காததை, பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நுழையும் ஒரே ஒரு தாள் சாதிக்கக்கூடும்.

இதோடு தொடர்புடைய செய்தி ஒன்று. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிப்பதற்கு வழிசெய்யும் சட்டத்திருத்தங்கள் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறின. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் நியமனம் பெறுவோர் கூட்டத்தில் அமர்ந்து வருவதோடு நின்றுவிடக் கூடாது. விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது, உட்படாத கட்டடத்துக்குப் பணிநிறைவுச் சான்றும் தரக் கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. அந்த அனுமதிக் கோப்புகள் பல உள்ளாட்சி அலுவலகங்களின் மேசைகளையே கடந்து செல்கின்றன. நியமன உறுப்பினர் ஒருவருக்கு வரைபடத்தைப் படிக்கவும் சாய்தளத்தின் நீளத்தை அளந்து பார்க்கவும் தெரிந்தால், கட்டிய பின் இடிக்கச் சொல்லி வழக்காடும் வேலை பெரும்பாலும் இராது. அவர்களுக்கு முதலில் தர வேண்டிய பயிற்சி அதுவே.

மூன்றாவது, பொறுப்பு. நிறுவனம் ஒவ்வொன்றும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. அரசு நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது 23ஆம் பிரிவு. ஆகவே, பயிற்சிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதே உங்களுக்கு வேண்டிய வசதியை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குத் தடயம் இராது. மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகமானால் குறைதீர்ப்பு அலுவலர், அதற்கு மேல் மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழு, பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் என்ற வரிசையில் செல்லுங்கள். முதல்முறை சட்டத்தை மீறுவோருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் வரையிலும் அபராதம் உண்டு என்பதை விண்ணப்பத்தின் கடைசிப் பத்தியில் பணிவாக நினைவூட்டுவதில் தவறில்லை.

மாநில ஆணையரின் பரிந்துரையை அதிகாரிகள் பொருட்படுத்தமாட்டார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆணையரின் பரிந்துரை உரிய அதிகாரியின் கைக்குச் சென்ற நாளிலிருந்து மூன்று மாதம் தள்ளி நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 81ஆம் பிரிவின்படி, எடுத்த நடவடிக்கையை அந்தத் தேதிக்குள் உரிய அதிகாரி ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். பரிந்துரையை ஏற்கவில்லையென்றால் அதற்கான காரணத்தை அதே கெடுவுக்குள் அவரிடம் சொல்லி, முறையிட்ட உங்களுக்கும் அறிவித்தாக வேண்டும்.