இரும்புக்கை மாயாவி எங்கே சார்ஜ் ஏற்றுவார்?

(மும்பை மாட்டுங்காவில் ஒரு ஞாயிறு மாலை, தமிழ் வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து ரயிலேறி வந்தபோது டிரங்குப் பெட்டிக்குள் முத்து காமிக்ஸையும் வைத்துக் கொண்டுவந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தேரியிலும் மலாடிலும் எடிட்டிங், சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்), சவுண்ட் வேலை பார்க்கிற பிள்ளைகளும் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் தெரிந்த ஒருவரை வைத்தே பேசுகிறேன். இரும்புக்கை மாயாவி. 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் லூயிஸ் கிராண்டல் என்ற பெயரில் பிறந்தவர். 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். வலது கைக்குப் பதில் எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். அவரை 10 எபிசோட் தொடராக எடுக்கச் சொல்லி நம்மிடம் கொடுத்தால் என்ன செய்வோம்? பயிற்சிக்காகத்தான் கேட்கிறேன். உண்மையில் எடுப்பதென்றால் முதலில் போக வேண்டியது உரிமைப் பத்திரம் வைத்திருப்பவரிடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க மாத காமிக்ஸ் ஒன்றில் கதைப் பக்கம் 20 முதல் 22. பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் என்றால் இதழுக்கு சுமார் 120 கட்டம். ஒரு கட்டத்தை ஐந்து நொடி ஷாட்டாக எடுத்தால் மொத்தம் 10 நிமிடம். அங்கே சேனல் தொடரின் ஒரு மணி நேர எபிசோட், விளம்பரம் போக, 42 நிமிடம். பழைய முறைப்படி சீசனுக்கு 22 எபிசோட். 924 நிமிடம் வருகிறது. கட்டத்துக்குக் கட்டம் எடுத்தால் ஒரு சீசன் 90 இதழ்களை விழுங்கிவிடும். அவ்வளவு நல்ல கதை எந்த நாயகனிடமும் கிடையாது. ஆகவே காமிக்ஸைத் தொடராக்கும் வேலையில் பெரும்பகுதி, காமிக்ஸில் வரையப்படாததை எழுதுவதுதான். ஒரு கட்டத்தில் நாயகன் கூரைமேல் நிற்கிறார், அடுத்த கட்டத்தில் வில்லனின் கழுத்தைப் பிடித்திருக்கிறார். நடுவிலுள்ள வெள்ளைக் கோட்டை வாசகர் தாமாகத் தாண்டிக்கொள்வார். தொடரில் அந்தக் கோட்டுக்குள்தான் குடியிருக்க வேண்டும். அங்கே வல்லமை கிடையாது. வேலை, வீடு, நட்பு, பொய், பயம் இவைதான் உண்டு.

அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி, இந்த ஆளால் என்ன முடியும் என்பது அல்ல. எப்போது முடியாது என்பதுதான். வல்லமைக்கு எல்லை எழுதாமல் எபிசோட் எழுத உட்கார்ந்தால் நாலாவது எபிசோடிலேயே தட்டும்.

முன்னே எடுத்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். 1978 முதல் 1982 வரை ஓடிய ஹல்க் தொடரில், ஓர் எபிசோடுக்கு ஏறக்குறைய இரண்டே முறைதான் அந்த மனிதர் பச்சை அரக்கனாக மாறுவார். பாதியில் ஒன்று, முடிவுக்கு முன் ஒன்று. மீதி நேரம் முழுக்க, அந்த மனிதராக நடித்த பில் பிக்ஸ்பி ஊர் ஊராக ஒளிந்து வேலை தேடுகிற தனி மனிதர். காமிக்ஸில் பேசுகிற ஹல்க் இங்கே பேச மாட்டார். காமிக்ஸின் பெரிய வில்லன்களும் வர மாட்டார்கள். தயாரிப்பாளர் கென்னத் ஜான்சன் நாயகனின் பெயரையே புரூஸிலிருந்து டேவிட் என்று மாற்றினார். காமிக்ஸ் ரசிகருக்கு வருத்தம்தான். ஆனாலும் தொடர் நின்றது, 'எப்போது கோபம் வரும்' என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். 2001-இல் தொடங்கிய 'ஸ்மால்வில்' இன்னும் கடுமை: பறக்கவும் கூடாது, அந்த உடையும் கூடாது என்று விதி வைத்துக்கொண்டு 10 சீசன், 217 எபிசோட் போனது. சூப்பர்மேனாகப் போகிற பையனை வைத்து, அவன் சூப்பர்மேன் ஆகாத காலத்தையே எழுதினார்கள்.

நம் ஊர் சக்திமானை இங்கே சொல்லியாக வேண்டும். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த அவர் காமிக்ஸிலிருந்து வந்தவரல்ல; டிவியிலிருந்து காமிக்ஸுக்குப் போனவர். ஆனால் அந்தச் சுழற்சி இருக்கிறதே, தொழில்முறையில் அது அருமையான தீர்வு. ஆள் சுழலும்போது உருவம் கலங்கும். கலங்கிய ஒரு ஃபிரேமில் வெட்டி, உடை மாற்றிய ஆளை அதே இடத்தில் சுழலவிட்டு ஒட்டினால் மாற்றம் முடிந்தது. எழுபதுகளில் லிண்டா கார்ட்டரின் 'வொண்டர் வுமன்' தொடரும் இதையேதான் செய்தது. முதலில் ஸ்லோ மோஷனில் ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஷாட்டிலும் கால் நிற்கும் இடமும் கை உயரமும் ஒன்றாக அமைய வேண்டும்; நேரம் தின்றது. பிறகு நடுவில் ஒரு வெளிச்ச வெடிப்பு வைத்தார்கள். வெட்டு அதில் மறைந்துவிட்டது.

இப்போது மாயாவிக்கு வருவோம்.

படித்தவர்கள் யாருக்கும் மறக்காத கட்டம்: சுவரிலுள்ள பிளக்கில் எஃகு விரலை வைக்கிறார், மறைகிறார். இந்தக் கட்டத்தைத் தொடரில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் இரண்டு. ஒன்று, வீட்டில் ஆறு வயசுக் குழந்தை பார்க்கிறது. அதே பிளக் அதன் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. 230 வோல்ட் கதை கேட்காது. 'செய்து பார்க்காதீர்கள்' என்று கீழே ஓடுகிற எழுத்தை வாசிக்கத் தெரியாத வயசு அது. இரண்டாவது, திரைக்கதைக் காரணம். பிளக் இருக்கிற இடமெல்லாம் மறைய முடியும் என்றால் அவரை எந்த அறையிலும் பூட்டிவைக்க முடியாது. ஏழாவது எபிசோடில் அவர் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது, பின்னால் சுவரில் ஸ்விட்ச் போர்டு தெரியும். பார்க்கிறவர் அதைத்தான் பார்ப்பார்.

சரி, எங்கே சார்ஜ் ஏற்றுவார்? வீட்டு மின்சாரம் போதாது என்று விதி வையுங்கள். பெரிய மின்சாரம் வேண்டும். மும்பையில் அது எங்கே இருக்கிறது? தலைக்கு மேலேயே ஓடுகிறது. நம் லோக்கல் ரயிலின் மேல்கம்பியில் 25,000 வோல்ட். அடுத்து, லோக்கல் ரயில்களை நிறுத்திப் பராமரிக்கிற கார் ஷெட், துணை மின்நிலையம். இப்படி வைத்தவுடன் மூன்று லாபம். குழந்தை போலச் செய்ய வழியில்லை. நாயகன் ஒவ்வொரு முறையும் ஓரிடத்துக்குப் போயே ஆக வேண்டும், போகிற வழியே கதையாகிறது. வில்லனுக்கும் அவரை எங்கே மடக்கலாம் என்று தெரிகிறது. பிறகு காலக் கணக்கு: ஒரு சார்ஜுக்கு மறைவு இத்தனை நிமிடம் என்று எழுதிவையுங்கள். ஆறு நிமிடம் என்றால் ஆறுதான். மூன்றாவது எபிசோடில் ஆறு, எட்டாவதில் வசதிக்காக இருபது என்றால் அன்றைக்கே நம்பிக்கை போய்விடும். 2020 அக்டோபர் 12 அன்று மின் தொகுப்பு பழுதாகி இந்த நகரத்தில் ரயில்கள் நின்றது நினைவிருக்கிறதா? மாயாவிக்கு அதைவிட நல்ல எபிசோட் எனக்குத் தோன்றவில்லை.

இந்த விதிகளையெல்லாம் ஒரு விதிப்புத்தகமாக எழுதி, எழுத்தாளர் முதல் எடிட்டர் வரை கையில் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பக்கம் போதும்.

அடுத்து, கை. காமிக்ஸில் ஓவியருக்கு ஒரு சலுகை உண்டு. கை மணிக்கட்டோடு முடிகிற இடத்தை, தனக்கு வாகான கோணத்தில் வரைந்து தப்பித்துக்கொள்ளலாம். டிவியில் கை திரும்பும். திரும்பினால் மணிக்கட்டின் உள்பக்கம் கேமராவுக்குத் தெரியும். அங்கே என்ன இருக்கிறது? வெறும் குழியா, மூடியா, கம்பிகளா? இதை ஆர்ட் டைரக்டர் முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் சிஜி ஆட்கள் ஷாட்டுக்கு ஒரு விதமாக நிரப்பிவிடுவார்கள். நான் மூடி வைத்த கையைத்தான் சொல்வேன். குழியாக விட்டால் ஒவ்வொரு ஷாட்டிலும் உள்நிழல் வரைய வேண்டும்.

கை ஒன்று போதாது. க்ளோசப்புக்கு நிஜ உலோகத்தில் ஒன்று. ஓடும்போது கனக்காமலிருக்க ரெசினில் ஒன்று. சண்டையில் எதிராளியின் தாடையில் படுகிற ஷாட்டுக்கு ரப்பரில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே அச்சு, ஒரே பெயின்ட். கீறல்கள்கூட ஒரே இடத்தில் இருக்கட்டும். நிறத்தில் சிறு வித்தியாசம் என்றாலும் வெட்டும்போது தெரியும்.

மறைந்த ஆள் பீரோவைத் திறக்கிற காட்சி என்று வைத்துக்கொள்வோம். கேமராவை அசையாமல் பூட்டுகிறோம். நீல உடுப்பு போட்ட நடிகர், எஃகுக் கையோடு வந்து திறக்கிறார். அவர் வெளியேறியதும், வேறெதையும் தொடாமல், ஆளில்லாத அறையை அதே கோணத்தில் அரை நிமிடம் எடுக்கிறோம். க்ளீன் பிளேட். நீலத்தை அழித்த இடத்தில் இந்தப் பிளேட்தான் உட்காரும். கேட்கச் சுலபம், கெடுவதும் சுலபம். சீலிங் ஃபேன் ஓடினால் மேஜைக் காகிதம் இரண்டு டேக்கிலும் வேறுவேறு இடத்தில் கிடக்கும். ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரேமில் ஜன்னல் இருந்து, வெளியே மழைக்காலத்து மேகம் என்றால் ஐந்தே நிமிடத்தில் வெளிச்சம் மாறிவிடும். அதனால் பிளேட்டை 'லஞ்சுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்' என்று தள்ளக் கூடாது. பளபளப்பான எஃகில் நடிகரின் நீலச் சட்டைக் கை பிரதிபலிக்கும். நீலத்தை எடுக்கும்போது எஃகிலும் ஓட்டை விழும். பாலிஷைக் குறைத்து, தேய்த்த எஃகு போல மங்கலாக்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும். கடைசியாக, கையின் நிழல். மேஜைமேல் நிழல் விழாவிட்டால் கை மிதக்கிறது என்று கண் உடனே சொல்லிவிடும். ஆனால் பீரோமேல் விழுவது முழு ஆளின் நிழல். அதை அழித்துவிட்டுக் கையின் நிழலை மட்டும் வரைய வேண்டும். விளக்கை முதலிலேயே யோசித்து வைத்தால் உடம்பின் நிழல் ஃபிரேமுக்கு வெளியே விழும், அந்த வேலையே மிச்சம்.

10 எபிசோடுக்கும் சேர்த்து 600 சிஜி ஷாட் கிடைத்தால் எபிசோடுக்கு 60 என்று சமமாகப் பிரிப்பது தவறு. முதலாவதுக்கு 110, கடைசி இரண்டுக்கும் தலா 120. மீதி ஏழுக்கும் 250, அதாவது எபிசோடுக்கு சுமார் 35. அந்த 35-இல் வாழக் கற்றுக்கொள்வதுதான் எழுத்தாளரின் திறமை. மாயாவி மறைந்திருக்கும்போது கேமராவை அவர் கண்ணாக்கிவிடுங்கள்: கதவு திறக்கிறது, காவலாளி நேரே நம்மைப் பார்க்கிறார், பார்க்கவில்லை. சிஜி ஒரு ஷாட்கூட இல்லை. 1966-இன் 'பேட்மேன்' சண்டைக் காட்சியில் எழுத்துகளைத் திரையில் வெடிக்கவிட்டது. இரண்டாம் சீசனில் அதே எழுத்துகளைச் சண்டைமேல் பதிக்காமல் தனி அட்டையாக வெட்டிச் சேர்த்தார்கள், செலவு குறைந்தது. 2015-இன் 'டேர்டெவில்' தன் இரண்டாவது எபிசோடிலேயே ஒரு நடைபாதைச் சண்டையை ஒரே நீளமான ஷாட்டாகக் காட்டிப் பெயர் வாங்கியது. அதில் நாயகன் பாதி நேரம் அறைக்குள் போய்விடுவார். சத்தமும், கதவை உடைத்து வந்து விழும் ஆட்களும்தான் தெரியும். அவர் களைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரியும்.

உடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952-இல் சூப்பர்மேன் தொடர் கறுப்பு-வெள்ளையில் வந்தபோது, சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாக விழும் என்பதால் பழுப்பு, வெள்ளைத் துணியில் உடை தைத்தார்கள். படத்திலுள்ள நிறம் வேறு, லென்ஸ் பார்க்கிற நிறம் வேறு. இன்றைக்கும் பச்சை உடை நாயகனை, பிறகு அழித்துவிடப் போகிற பச்சைத் திரைக்கு முன் நிறுத்தக் கூடாது, நீலத் திரைதான். கயிற்றில் தொங்கும் ரோப் ஷாட்டுக்கு உடைக்குள் ஹார்னஸ், அதாவது உடம்பைத் தாங்கும் பட்டை, போகும். அதற்கு ஓர் அளவு பெரிய தனி உடை வேண்டும், கயிறு வர இடுப்பில் ஓட்டையும் வேண்டும். டூப்புக்குத் தனி. கிழிந்தது, எரிந்தது தனித்தனி. ஆறு செட்டுக்குக் குறைந்தால் ஷூட்டிங் நிற்கும். மும்பை மே மாதத்தில் ஃபோம் உடைக்குள் ஒருவர் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார். முகமூடியைக் கழற்றாமலே தண்ணீர் குடிக்க வழி இருக்கிறதா என்று தைக்கும்போதே பாருங்கள்.

உரிமை. நாயகன் ஒருவரிடம், அவருடைய வில்லன் இன்னொருவரிடம், திரைப்பட உரிமை மூன்றாமவரிடம் இருக்கலாம். 'ஸ்மால்வில்'லில் புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன், வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அவர் சினிமாவில் இருந்ததால் கிடைக்கவில்லை. அவருக்குப் பதில் கிரீன் ஆரோ என்ற இன்னொரு காமிக்ஸ் நாயகனாக ஆலிவர் குவீன் வந்தார். எந்தெந்தப் பாத்திரங்கள், எத்தனை சீசன், எந்தெந்த மொழி என்று பத்திரத்தில் பெயர் சொல்லி எழுதிவிட்டுத்தான் முதல் வரி எழுத வேண்டும்.

காமிக்ஸில் பாத்திரம் மனதில் நினைப்பதை எழுதுகிற எண்ணக் குமிழிகளை என்ன செய்வது என்று இளைஞர்கள் கேட்பீர்கள். பின்னணிக் குரலாக வைத்தால் இரண்டு எபிசோடில் சலித்துவிடும். குமிழிக்குள் இருப்பதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். டேர்டெவில் பாதிரியாரிடம் பேசுகிறார். நம் மாயாவிக்கு, கையைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடுகிற ஒருவரை வைக்கலாம். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி. கை கழன்று மேஜையில் கிடக்கிற நேரத்தில்தான் அவர் மனசிலுள்ளது வாயில் வரும். மறைய முடியாத நேரமும் அதுதான்.

அந்தக் கை மேஜையில் வைக்கப்படுகிற சத்தத்தை சவுண்ட் பிள்ளைகள் முதலில் கண்டுபிடியுங்கள். காமிக்ஸில் அதை ஓவியர் எழுத்தில் போட்டார். இங்கே ஒரே சத்தம், பத்து எபிசோடுக்கும் அதே சத்தம். திரை இருட்டாக இருக்கும்போது அது கேட்டாலே ஆள் வந்துவிட்டார் என்று தெரிய வேண்டும். வெறும் மர மேஜையில் வைத்துப் பதியுங்கள். சன்மைக்கா பலகை அந்தக் கனத்தைக் கொடுக்காது.